முதியவர் எங்கே இருந்தால் நன்றாக இருப்பார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டில் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேள்வித்தாளும் பேனாவுமாக முதியவர்களிடம் பேசுவது பல வருடம் என் வேலையாக இருந்தது. மகன் வீடு, மகள் வீடு, தனி வீடு, முதியோர் இல்லம் என்று எல்லா இடத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். கிளம்பும்போது வாசல்வரை வரும் பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சில கேள்விகள் கேட்பார்கள். எங்கே போனாலும் அநேகமாக அதே கேள்விகள்தான். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மகன் வீடு, தனி வீடு, முதியோர் இல்லம். கடைசியில் எதுதான் நல்லது?

அவருடைய அன்றாடச் சின்ன முடிவுகள் எங்கே அவர் கையில் இருக்கின்றனவோ அந்த இடம். எப்போது எழுந்திருப்பது, எப்போது குளிப்பது, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, யாரை உள்ளே விடுவது, விளக்கை எப்போது அணைப்பது. இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். படுக்கையில் ஒரு வாரம் கிடந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

மகன் வீட்டில் ராஜாபோல இருப்பவரையும் பார்த்திருக்கிறேன், அதே மாதிரி வீட்டில் விருந்தாளிபோலக் கூசிக்கூசி நடமாடுபவரையும் பார்த்திருக்கிறேன். இல்லங்களும் அப்படித்தான். ஆகவே 'எந்த வகை வீடு' என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. 'இந்த வீட்டில் இவருடைய நாள் எப்படிப் போகிறது' என்று கேட்டால் பதில் இருக்கிறது.

வாழ்க்கைத் தரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? பணமா, உடல்நலமா?

இரண்டும் அதில் சேரும், ஆனால் அதோடு முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் விளக்கப்படி, தான் வாழும் பண்பாட்டுக்குள் நின்று, தன் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் வைத்துத் தன் நிலையை ஒருவர் தாமே எப்படி உணர்கிறார் என்பதுதான் வாழ்க்கைத் தரம். 'தாமே' என்ற சொல்லைக் கவனியுங்கள். பிள்ளைகள் உணர்வதோ டாக்டர் உணர்வதோ இதில் கணக்கில்லை.

அந்த நிறுவனத்தின் சுருக்கக் கேள்வித்தாளில் 26 கேள்விகள். உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதிகள். இதனோடு சேர்த்துக் கேட்பதற்காக முதியவர்களுக்கென்றே 24 கேள்விகள் கொண்ட இன்னொரு தாள் உண்டு. கண், காது முதலான புலன்கள் எப்படி, சொந்த முடிவு எடுக்க முடிகிறதா, செய்ததும் செய்ய இருப்பதும் நிறைவு தருகிறதா, நாலு பேரோடு கலந்து பழக முடிகிறதா, சாவைப் பற்றிய பயம், நெருக்கமான அன்பு என்று ஆறு தலைப்புகள் அதில் வரும். சாவைப் பற்றிக் கேட்கலாமா என்று பிள்ளைகள் பதறுவார்கள். முதியவர்கள் பதறி நான் பார்த்தது குறைவு. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்ததுபோலப் பேசுவார்கள்.

2003இல் பிரிட்டனில் உருவான 19 கேள்வித் தாள் ஒன்றும் இருக்கிறது. அதில் உடல்நலம் பற்றித் தனிப் பகுதியே கிடையாது, வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். தன் பிடியில் இருப்பது, தன் விருப்பப்படி நடப்பது, தன்னை நிறைவு செய்துகொள்வது, மகிழ்ச்சி என்ற நான்கு மட்டும். நோய் என்பது வாழ்க்கைத் தரத்தைப் பாதிக்கும் காரணங்களில் ஒன்று, நோயே வாழ்க்கைத் தரம் ஆகிவிடாது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

கேட்டால் எல்லாரும் 'நல்லாத்தான் இருக்கேன்' என்பார்கள். இதையெல்லாம் நம்ப முடியுமா?

யார் முன்னால் கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எண்பது தாண்டியவர். நல்ல அறை, துவைத்த விரிப்பு, மாத்திரைகள் கிழமை வாரியாகப் பிரித்த டப்பாவில். மகனும் மருமகளும் அக்கறையானவர்கள், அதில் சந்தேகமே இல்லை. இருவரும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். "தூக்கம் திருப்தியா இருக்கா ஐயா?" என்றேன். மருமகள் முந்திக்கொண்டு, "நல்லாத் தூங்குறார்" என்றார். பெரியவரும் தலையாட்டினார். அந்தக் கேள்விக்கு 'மிகத் திருப்தி' என்று வட்டம் போட்டேன். அவர்கள் ஏதோ வேலையாக எழுந்து போன நேரத்தில், தாளில் இல்லாத ஒரு கேள்வியைப் போட்டேன்: "நேத்து ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கை அணைச்சீங்க?"

"அவங்க அணைச்சப்ப" என்றார்.

குறை சொல்லும் தொனியே இல்லை. ஸ்விட்ச் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கட்டிலிலிருந்து எழுந்து, வாக்கரை எடுத்து, நாலு எட்டு வைத்து அதை அணைத்துவிட்டு இருட்டில் திரும்பி வர அவரால் முடியாது. ஒன்பதரைக்கு மகன் வந்து அணைப்பார். பெரியவருக்கு அதற்கு மேலும் படிக்கப் பிடிக்கும். மூன்று வருடமாகப் படிக்கவில்லை. கட்டிலோரம் ஒரு விளக்கு வைத்தால் தீர்ந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை, யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அதனால் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்காதீர்கள். 'நேற்று' என்று தொடங்கிக் கேளுங்கள். நேற்று யாரிடம் பேசினீர்கள், நேற்று வெளியே போனீர்களா, நேற்று ஏதாவது வேண்டாம் என்று சொன்னீர்களா, சொன்னபோது என்ன நடந்தது. கடைசிக் கேள்விதான் முக்கியம். அதைத் தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும்.

இல்லத்தில் இருப்பவர்களுக்கு மதிப்பெண் குறைவு என்று ஆய்வுகள் சொல்கிறதே?

பல ஒப்பீடுகளில் அப்படித்தான் வரும். ஆனால் இல்லத்துக்கு யார் போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். வயது அதிகமானவர்கள், துணையை இழந்தவர்கள், நடமாட்டம் குறைந்தவர்கள், மறதி நோய் தொடங்கியவர்கள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள். வீட்டில் இருப்பவர்களோ சராசரியாக அவர்களைவிட இளையவர்கள், திடமானவர்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே நாளில் அளந்துவிட்டு, வித்தியாசத்துக்கு இல்லமே காரணம் என்பது, ஆஸ்பத்திரியில் நோயாளிகள் அதிகம், ஆகவே ஆஸ்பத்திரிதான் நோய் தருகிறது என்பதுபோல.

இன்னொன்றும் உண்டு. தாமாக முடிவெடுத்து வந்தவரும், 'நாலு நாள் இருந்துட்டு வரலாம்' என்று ஏமாற்றிக் கூட்டிவரப்பட்டவரும் ஒரே கூரையின்கீழ், ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார்கள். மதிப்பெண் ஒன்றாகவா வரும்? சராசரி போட்டால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். ஒரே ஆளை, இடம் மாறுவதற்கு முன்னும் பின்னும் அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அளந்திருந்தால் அந்த ஆய்வைக் கொஞ்சம் நம்பலாம்.

பிள்ளைகளோடு இருந்தால் தனிமை இருக்காது அல்லவா?

தனியாக இருப்பது வேறு, தனிமையாக உணர்வது வேறு. முதலாவதை எண்ணிவிடலாம், வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்தால் போதும். இரண்டாவதை அவரிடம்தான் கேட்க வேண்டும். 2004இல் வெளியான ஒரு சிறு அளவுகோலில் மூன்றே கேள்விகள்: துணையில்லாமல் இருப்பதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, மற்றவர்களிடமிருந்து துண்டிக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது. மூன்றில் ஒன்றுகூட 'உங்கள் வீட்டில் எத்தனை பேர்' என்று கேட்கவில்லை.

ஐந்து பேர் இருந்த ஒரு வீட்டில் பாட்டியின் கட்டில் கூடத்தில் கிடந்தது. நாள் முழுக்க எல்லாரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும், வர வேண்டும். இதைவிடத் துணை என்ன வேண்டும் என்று தோன்றும். ஒரு காலைப்பொழுது முழுவதும் அங்கே உட்கார்ந்து, அவரிடம் பேசப்பட்டதைக் குறித்துக்கொண்டேன். "சாப்டாச்சா", "மாத்திரை போட்டாச்சா", "கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க". இந்த மூன்றும்தான் மாறிமாறி வந்தன. அவர் பதிலும் தலையசைப்புதான். எல்லாரும் கிளம்பும்வரை கழிவறைக்கும் போகாமல் அடக்கிக்கொள்வதாகச் சொன்னார். ஆபீசுக்கும் பள்ளிக்கும் நேரமாகிறவர்களுக்கு நடுவில் தாம் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாதாம். தாகம் எடுத்தாலும் அதற்காகத் தண்ணீரைக் குறைத்துக்கொள்வாராம்.

துணை உடம்பையும் காக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. 2010இல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, நல்ல சமூக உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக்காலம் முடியும்வரை உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்றது. பலதரப்பட்ட உறவுகளில் பின்னிப்பிணைந்திருக்கிறாரா என்று பார்த்த அளவுகள் வலுவாகப் பொருந்தின. தனியாக வசிக்கிறாரா இல்லையா என்று மட்டும் கேட்ட அளவு மிகப் பலவீனமாகத்தான் பொருந்தியது. கூடத்துப் பாட்டியை நினைத்துப் பார்த்தால் அதில் வியப்பில்லை.

தனியாக இருப்பது ஆபத்துதானே? விழுந்துவிட்டால்?

பயம் நியாயமானதுதான். 65 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு 28 முதல் 35 சதவீதம் பேர் ஒரு தடவையாவது விழுகிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 70ஐத் தாண்டினால் 32 முதல் 42. விழுவது எல்லா வீட்டிலும் நடக்கும், இல்லங்களிலும் நடக்கும். தனி வீட்டுக்கு உரிய ஆபத்து, விழுந்தபின் எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பது. அதற்குத்தான் வழி செய்ய வேண்டும்: கழுத்திலோ மணிக்கட்டிலோ அழைப்புப் பொத்தான், காலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் போன் வராவிட்டால் வந்து பார்க்கும் அண்டை வீட்டுக்காரர், அவரிடம் ஒரு மாற்றுச் சாவி. உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க முடிகிற மாதிரி மாற்றிவிடுங்கள். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, இரவில் கட்டிலிலிருந்து கழிவறைவரை மங்கலான வெளிச்சம். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரைகளை டாக்டரிடம் ஒருமுறை மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். தலைசுற்றலுக்குப் பல நேரம் காரணம் அங்கேதான் இருக்கும்.

விழுந்துவிடுவாரோ என்று எழவே விடாமல் உட்கார வைத்துவிடுவதும் ஒரு ஆபத்துதான். கால் தசை கரைந்து, அடுத்த தடவை நிச்சயம் விழுவார்.

அப்படியானால் தனியாக இருக்க முடியாது என்று எப்போது முடிவு செய்வது?

வயதை வைத்து வேண்டாம். இரண்டு பட்டியல்கள் உதவும். 1969இல் பவல் லாட்டனும் எலைன் பிராடியும் எட்டு வேலைகளைப் பட்டியலிட்டார்கள்: போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, வெளியே பயணம் செய்வது, மருந்தைச் சரியாக எடுப்பது, பணத்தைக் கையாள்வது. அதற்கு முன்பே, 1963இல், சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரின் குழு ஆறு அடிப்படைகளைச் சொல்லியிருந்தது: குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போய்வருவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலம் சிறுநீரை அடக்குவது, சாப்பிடுவது.

எட்டில் தடுமாற்றம் வந்தால் வேலைக்கு ஆள் வைத்துச் சமாளிக்கலாம், இடம் மாற அவசியமில்லை. ஆறில் இரண்டு மூன்று போய்விட்டால், பகலோ இரவோ பக்கத்தில் ஆள் வேண்டும். எல்லாருக்கும் இதே வரிசையில் போகும் என்றில்லை. சமையலறையில் ஒரு குறையும் இல்லாதவர், மாத்திரையை மட்டும் இரண்டு தடவை விழுங்கிக்கொண்டிருப்பார்.

ஒரே வீடு வேண்டாம், பக்கத்துத் தெருவிலோ மாடியிலோ தனியாக வைத்தால்?

என்னைக் கேட்டால், நடமாட்டம் இருக்கும்வரை இதுதான் முதல் தேர்வு. 1963இல் வியன்னாவில் முதியவர்களை ஆராய்ந்த லியோபோல்ட் ரோசன்மாயரும் எவா கோக்கைஸும் முதியவர்கள் விரும்புவதைத் 'தூரத்தில் நின்ற நெருக்கம்' என்றார்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டும், அடுப்பு தனியாக வேண்டும். இரண்டுமே ஆசைதான், ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்க்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

வரவேற்பறை, தோட்டம், பளிங்குத் தரை எல்லாம் நமக்காகக் கட்டியவை, பணம் கட்டுகிற பிள்ளைக்காக. அதைத் தாண்டி உள்ளே போங்கள்.

காலை ஏழு மணிக்கு ஒருமுறை, மாலை ஆறு மணிக்கு ஒருமுறை, முடிந்தால் சொல்லாமல் போங்கள். எல்லாரையும் ஒரே நேரத்தில் எழுப்பி ஒரே வரிசையில் குளிப்பாட்டுகிறார்களா? மாலை ஆறுக்கே எல்லாரும் படுக்கையிலா? பணியாளர்கள் பேர் சொல்லி, உறவு சொல்லிக் கூப்பிடுகிறார்களா, 'பன்னண்டாம் நம்பர்' என்கிறார்களா? கதவைத் தட்டிவிட்டு, பதில் வரும்வரை நிற்கிறார்களா? அழைப்பு மணியை அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறது? நீங்களே அடித்துப் பாருங்கள். வீட்டிலிருந்து ஒரு நாற்காலியாவது கொண்டுவர விடுவார்களா? இரவு எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், அவர்களில் எத்தனை பேர் ஒரு வருடத்துக்கு மேல் அங்கே வேலை செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு நிர்வாகி தடுமாறினால் யோசியுங்கள். முகம் மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில், யார் கையால் குளிக்கிறோம் என்றே தெரியாமல் முதியவர் கூச்சத்தில் செத்துப் பிழைப்பார்.

இதெல்லாம் நாசூக்கு விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1976இல் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு இல்லத்தில் இரண்டு தளங்களில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு தளத்தவரிடம், உங்கள் அறையை எப்படி வைப்பது, நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பது உங்கள் பொறுப்பு என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தாங்களே தேர்ந்தெடுத்து வளர்க்கக் கொடுத்தார்கள். இன்னொரு தளத்தவருக்கும் செடி உண்டு, தண்ணீர் ஊற்றுவது நர்சுகள். எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லப்பட்டது. மூன்று வாரத்தில் முதல் தளத்தவர்கள் கூடுதல் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியுமாக இருந்தார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் தளத்தில் 47 பேரில் 7 பேரும், இரண்டாவதில் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தார்கள். எண்ணிக்கை சிறியது. இறப்பு வித்தியாசம் முதலில் சொன்ன அளவுக்குப் புள்ளியியல்படி உறுதியானதல்ல என்று பிறகு திருத்தமும் வெளியிட்டார்கள். செடி வளர்த்தால் ஆயுள் கூடும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டு தளத்திலும் செடி இருந்தது என்பதை நான் மறப்பதில்லை. தண்ணீர் யார் ஊற்றினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அதே 1976இல் ரிச்சர்ட் ஷுல்ஸ் செய்த இன்னொரு ஆய்வு இதைவிடக் கசப்பானது. கல்லூரி மாணவர்கள் இல்லவாசிகளைப் பார்க்க வந்தார்கள். எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று தாங்களே சொல்ல முடிந்தவர்களும், எப்போது வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களும் நன்றாகத் தேறினார்கள். ஆய்வு முடிந்தது, மாணவர்கள் போய்விட்டார்கள். பிற்பாடு போய்ப் பார்த்தால், அதிகம் தேறியவர்கள்தான் அதிகம் சரிந்திருந்தார்கள். உற்சாகத்தில் வாரம் மூன்று தடவை போய்விட்டு, பிறகு மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன். குறைவாகப் போனாலும் பரவாயில்லை, சொன்ன நாளில் போங்கள்.

நல்ல இல்லம் என்று உலகத்தில் எதையாவது காட்ட முடியுமா?

1991இல் பில் தாமஸ் என்ற மருத்துவர் நியூயார்க் மாநிலத்தில் ஒரு இல்லத்துக்குள் இரண்டு நாய், நான்கு பூனை, நூறு பறவைகள், செடிகள், குழந்தைகள் என்று கொண்டுவந்தார். தனிமை, கையாலாகாத்தனம், சலிப்பு இந்த மூன்றும்தான் அங்கே கொல்லும் நோய்கள் என்பது அவர் கருத்து. பிறகு அவரே பெரிய கட்டடத்தை விட்டுவிட்டு, பத்துப் பேர் மட்டும் தனித்தனி அறையில், நடுவில் ஒரு சமையலறையோடு வாழும் சின்ன வீடுகளுக்குப் போனார். அப்படிப்பட்ட முதல் வீடுகள் 2003இல் மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோவில் திறந்தன. நெதர்லாந்தின் டெவென்டரில் ஒரு இல்லம் கல்லூரி மாணவர்களுக்கு வாடகையில்லாமல் அறை கொடுத்தது. பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் நல்ல அண்டை வீட்டுக்காரராக நடந்துகொள்ள வேண்டும். இதையெல்லாம் அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. பறவைக்கூண்டைச் சுத்தம் செய்ய ஆள் இல்லாத இடத்தில் நூறு பறவை நரகம்.

அம்மா இல்லத்துக்கு வர மாட்டேன் என்கிறார். வீட்டில் எங்களால் முடியவில்லை. என்ன செய்வது?

முதலில், 'முடியவில்லை' என்று சொல்வதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். இரவில் நாலு தடவை எழுந்து, பகலில் வேலைக்கும் போய், இடுப்பு வலியோடு ஒருவரைத் தூக்கி உட்கார வைக்கிறவர் ஆறு மாதத்தில் எரிந்து விழுவார். அந்த எரிச்சல் அம்மாவின் வாழ்க்கைத் தரத்தில்தான் போய் விழும்.

அடுத்து, அவர் எதை வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். இல்லத்தையேவா, அல்லது 'என்னைத் தள்ளிவிடுகிறார்கள்' என்ற நினைப்பையா? பொதுவாக இரண்டாவதுதான். அதற்கு வாதாடிப் பயனில்லை. பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் வாரம் இரண்டு நாள் என்று தொடங்கலாம். இரண்டு மூன்று இடங்களை அவரும் வந்து பார்க்கட்டும். பிடிக்காததை நிராகரிக்கும் உரிமை நிஜமாகவே அவருக்கு இருக்கட்டும். ஒரு மாதம் தங்கிப் பார்த்துத் திரும்பலாம் என்று சொன்னால், வீட்டில் அவர் கட்டிலை அந்த ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள். போன மறுநாளே அறையைப் படிக்கும் அறையாக்கிவிட்டு, வீடியோ காலில் அது பின்னணியில் தெரிந்து, அந்த அம்மா அதற்குப் பிறகு மூன்று வாரம் பேசாமலிருந்ததை எனக்குத் தெரியும்.

முதல் இரண்டு மூன்று மாதம் தூக்கம் கெடும், சாப்பாடு குறையும், குழப்பம் கூடும். இடமாற்றத்தின் அதிர்ச்சி அது. அதைப் பார்த்து உடனே திரும்பக் கூட்டிவந்துவிடவும் வேண்டாம், 'பழகிடும்' என்று கண்டுகொள்ளாமலும் இருந்துவிட வேண்டாம்.

மறதி நோய் வந்தவருக்கு முடிவு, உரிமை எல்லாம் பொருந்துமா?

பொருந்தும், அளவுதான் சுருங்கும். பத்துச் சட்டையைக் காட்டி எது வேண்டும் என்றால் மிரண்டுபோவார். இரண்டைக் காட்டுங்கள். 1973இல் லாட்டனும் லூசில் நாஹிமோவும் சொன்னது இதுதான்: ஒருவருடைய திறனுக்கும் சூழலின் கெடுபிடிக்கும் பொருத்தம் வேண்டும். கெடுபிடி அதிகமானால் திணறுவார், ஒன்றுமே இல்லாவிட்டால் மங்கிப்போவார்.

நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009இல் திறந்த ஹோகவே, மறதி நோயாளிகளுக்காகவே கட்டிய குடியிருப்பு. ஆறேழு பேர் கொண்ட வீடுகள், நடுவில் தெரு, கடை, உணவகம், அரங்கம். எல்லையில் மட்டும் பூட்டு, உள்ளே தோன்றின திசையில் நடக்கலாம். பொய்யான ஊர் என்று குறை சொல்பவர்கள் உண்டு. அறைக்கதவில் பூட்டு இருப்பதைவிட ஊர் எல்லையில் இருப்பது மேல் என்பது என் பக்கம்.

நோய் ஆரம்ப, நடுக் கட்டங்களில் இருப்பவர்களிடம் நேரடியாகவே வாழ்க்கைத் தரம் பற்றிக் கேட்கலாம். அவர்களுக்கென்று 13 கேள்விகள் கொண்ட எளிய தாள் இருக்கிறது. அதையே குடும்பத்தாரிடமும் கேட்டால், நோயாளி தனக்குத் தருவதைவிடக் குறைவான மதிப்பெண்ணைத்தான் அவர்கள் பொதுவாகத் தருகிறார்கள். தங்கள் சோர்வையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள்.

படுத்த படுக்கையாகிவிட்டால் வாழ்க்கைத் தரம் என்று பேச என்ன இருக்கிறது?

நின்றுகொண்டு பார்க்கிறவருக்கு அப்படித் தோன்றும். கேரி ஆல்பிரெக்ட், பேட்ரிக் டெவ்லீகர் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கணிசமான உடல் இயலாமை உள்ளவர்களில் பாதிக்கு மேல் தங்கள் வாழ்க்கை நன்றாக அல்லது மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். வலி கட்டுக்குள் இருக்கிறதா, புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கிறார்களா, அசுத்தத்தில் விடாமல் உடனே மாற்றுகிறார்களா, இந்த மூன்றையும் உறுதி செய்யுங்கள். பிறகு கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்புங்கள்.

கணவன் மனைவி இருவரும் இருந்தால் கவலை இல்லைதானே?

ஒருவர் இன்னொருவருக்கு நர்ஸ் ஆகாதவரை. ஆகிவிட்டால் நோயாளியைவிட மற்றவரை முதலில் விசாரியுங்கள்.

வெளியூரில் இருக்கிறேன். போனில் என்னதான் பேசுவது?

மாத்திரை, சாப்பாடு, டாக்டர் இந்த மூன்றையும் கடைசி இரண்டு நிமிடத்துக்கு ஒதுக்குங்கள். அதற்கு முன்னால் அவரிடம் ஏதாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய கணக்கு, கடன்காரர் ஒருவரைச் சமாளித்த விதம், தைப்பது, ஒட்டுவது, எதுவானாலும். உங்கள் வீட்டில் நடந்த ஒரு குளறுபடியைச் சொல்லி யோசனை கேளுங்கள். யோசனை சொல்கிறவர் குரல் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

அப்பா வீட்டுச் சாவியை எங்கேயாவது தொலைத்துவிடுகிறார். வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

இதைக் கேட்காத வீடே இல்லை.

ஒரு இல்லத்தில் ஒருவர் அலமாரிச் சாவியை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். நான் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை எழுந்துபோய்த் திறந்தார், பார்த்தார், பூட்டினார். மூன்றாவது தடவை என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு சட்டை, பேட்டரி இல்லாத ரேடியோ, ஒரு பழைய கவர். திருட அங்கே ஒன்றுமில்லை. "சாவி என்கிட்டதான் இருக்கு" என்றார். அவருடைய தாளில் 'உங்கள் விருப்பப்படி நடக்க முடிகிறதா' என்ற கேள்விக்கு என்ன மதிப்பெண் போட்டார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாலு பிரதி எடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று அண்டை வீட்டில், ஒன்று கையிருப்பில். நாலாவது அவருடையது. தொலைத்தால் ஐந்தாவது.